உப்புத் தண்ணீரில் குழைத்த சுவர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துக் கேட்டால் எனக்குத்தான் சங்கடம். நான் எழுதிய ஒரு பொய்யிலிருந்து வந்தது.

ராமநாதபுரத்தில் ஒரு சந்துக்குள் சின்னதாக அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கடைத் திறப்பு நோட்டீஸ் எல்லாம் அடித்துக் கொடுப்பேன். வாசகம் எழுத வராதவர்களுக்கு வாசகமும் என் பொறுப்பு. மீதி நேரத்தில் கதை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாபாரி வந்தார். ஸ்டக்கோ கலவை விற்பவர். ஸ்டக்கோ என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. சிமெண்டையும் மணலையும் கனமாகக் குழைத்து, சொரசொரப்பாக, கோடும் வளைவும் இழுத்து வெளிச்சுவரில் பூசுவது. நம் கொத்தனார்கள் ரஃப் பூச்சு என்பார்கள்.

"நச்சுன்னு ஒரு வரி போடுங்க மேடம்" என்றார் வியாபாரி. டீ ஆறுவதற்குள் போட்டேன்.

"ஒருமுறை பூசுங்கள். ஆயுளுக்கும் மறந்துவிடுங்கள்."

எனக்குச் சுவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. வாக்கியத்தைப் பற்றித் தெரியும். இது நல்ல வாக்கியம். இரண்டு பக்கமும் எடை சரியாக நிற்கிறது. அன்று எனக்கு அது போதுமாக இருந்தது.

2

போன டிசம்பரில், விடாமல் ஒரு வாரம் பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், கறுப்பு பர்தா அணிந்த ஒரு பெண் கடைக்குள் வந்தாள். கையில் நாலாக மடித்த நோட்டீஸ். ஓரம் எல்லாம் பிய்ந்திருந்தது.

"இதுல அடில உங்க பிரஸ் பேரு இருக்கு. இதை எழுதுனது யாரு?"

அடித்தது நாங்கள்தான், எழுதியது யார் என்று தெரியாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. கடையில் கணினி வேலை பார்க்கும் பெண்ணுக்கு உண்மை தெரியும். அவள் என்னையே பார்த்தாள்.

"நான்தான்" என்றேன்.

அவள் சண்டைக்கு வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெயர் உம்மு ஹபீபா. தேவிபட்டினம். கணவர் நுஃமான் ரியாத்தில் ஏசி மெக்கானிக். ஒன்பது வயதில் ஒரே மகள், சஃபா.

"இந்தக் கடைக்காரர தேடி வந்தேன் அக்கா. கடைய காலி பண்ணிட்டுப் போயிட்டாராம். போனும் போகல. அதான் உங்ககிட்ட வந்தேன். மறந்துருங்கன்னு எழுதியிருக்கீங்க. எப்படி மறக்குறதுன்னு சொல்லுங்க. எம்மவ நாலு மாசமா மூச்சுக்குத் திணறுறா."

[இங்கே நான் என்ன பதில் சொன்னேன் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் நான் நல்லவளாக வருகிறேன். உண்மையில் நான் கேட்டது, "டீ சாப்பிடுறீங்களா?"]

அவள் டீ குடித்தாள். எழுந்து போகும்போது சொன்னாள்: "ஒருக்கா வந்து பாருங்க. எழுதுறவங்க பாத்துட்டு எழுதலாம்ல."

3

அதனால் போனேன். போய்வந்த அன்றே கதையைத் தொடங்கவும் செய்தேன். முதல் முயற்சி:

"கடலின் உப்பு, காலத்தின் உப்பு, கண்ணீரின் உப்பு என்று உப்பில் மூன்று வகை —"

இதை விட்டுவிட்டேன். வியாபாரிக்கு எழுதிக் கொடுத்த அதே கை இதிலும் தெரிகிறது. இரண்டாவது:

"தேவிபட்டினத்தில் பரிகாரத்துக்கு வந்தவர்கள் கடலுக்குள் இறங்கி நவபாஷாணக் கற்களைச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டு தெரு தள்ளி ஒரு சுவர் விழுந்தது."

இது உண்மை. ஆனால் விழுந்தது சுவர் இல்லை, சுவரின் தோல். அந்த வித்தியாசம்தான் கதையே என்பதால் இதையும் அடித்துவிட்டு, பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

கிழக்குப் பார்த்த மாடி வீடு. தூரத்திலிருந்து பார்த்தால் இன்னும் அழகுதான். சந்தன நிறம், சன்னலைச் சுற்றி வளைவு, தூண்களில் கல் அடுக்கியது போலக் கோடு. கிட்டே போனால்தான் தெரிகிறது. சன்னலின் மூலைகளிலிருந்து மயிரிழை போல விரிசல் கிளம்பி ஒன்றோடொன்று சேர்ந்திருக்கிறது. இடுப்பு உயரம் வரைக்கும் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. விரலால் தொட்டால் மாவு போல வருகிறது. சொரசொரப்பின் பள்ளங்களில் எல்லாம் பாசி. இரண்டு இடத்தில் ஒட்டுப்போட்டு வண்ணம் அடித்திருக்கிறார்கள். ஒட்டு தனியாக, வேறு நிறத்தில், வேட்டியில் விழுந்த கறை மாதிரி தெரிகிறது.

வாசல் பக்கம், ஒரு கதவின் அகலத்துக்குப் பூச்சு பாளமாக விழுந்து செங்கல் தெரிந்தது. கீழே சஃபாவின் சைக்கிள் நசுங்கிக் கிடந்தது.

"பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பி, சைக்கிள எடுக்க வந்தா. தண்ணி பாட்டில மறந்துட்டேன்னு திரும்ப உள்ள போனா. அந்த நேரம்" என்றாள் உம்மு ஹபீபா.

உள்ளே சஃபாவின் அறைச் சுவரில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை. ஈரத்துணியை மூடி வைத்த வாசனை. ராமநாதபுரத்து டாக்டர், குழந்தையை ஈரச்சுவர் இருக்கும் அறையில் படுக்க வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். அடுப்படியில், கேஸ் சிலிண்டருக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில், சின்னப் பாய் விரித்திருந்தது.

சஃபா என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நீங்கதான் நோட்டீஸ் ஆன்ட்டியா?"

4

(இந்தப் பகுதியைத் தாண்டிப் போக நினைப்பவர்கள் போகலாம். கதை ஐந்தில் காத்திருக்கும். ஆனால் வீடு கட்டும் யோசனை உள்ளவர்கள் படித்துவிட்டுப் போங்கள். நான் கொடுக்க வேண்டிய பதில் இது.)

சிமெண்டுப் பூச்சு பார்க்கக் கல் மாதிரி இருக்கும். ஆனால் அதற்கு வளையத் தெரியாது. வெயிலில் செங்கல் ஓர் அளவுக்கு விரியும், கான்கிரீட் தூண் வேறோர் அளவுக்கு விரியும். இரண்டின் மேலும் ஒரே தோலாகப் படுத்திருக்கும் பூச்சு யாரோடு போவது என்று தெரியாமல் நடுவில் கீறிக்கொள்கிறது. அந்தக் கீறல் வழியாக மழை உள்ளே போய்விடும். வெளியே வர வழியில்லை, ஏனென்றால் மேலே நாம் அடித்த பளபளப்பு வண்ணம் பிளாஸ்டிக் உறை மாதிரி மூடியிருக்கிறது. வெளியே வர முடியாத ஈரம் வீட்டுக்குள் வருகிறது. வீட்டுக்குள் வந்தால் குழந்தையின் நெஞ்சுக்குள் வருகிறது.

நம் கரையில் இதோடு உப்பும் சேர்ந்துகொள்ளும். தண்ணீர் காய்ந்தால் உப்பு காயாது. பூச்சுக்கும் செங்கலுக்கும் நடுவில் உட்கார்ந்து, முளைவிட்டு, பூச்சை வெளியே தள்ளும். ஒட்டுப்போட்டால் நிறம் சேராது. நிறம் சேர்ந்தால் அதைவிட மோசம், உள்ளே அழுகுவது தெரியாமல் போய்விடும்.

நியாயமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டக்கோ எல்லா இடத்திலும் கெட்டது இல்லை. நல்ல தண்ணீர், கழுவிய மணல், அவசரப்படாத நாட்கள், உள்ளே போன தண்ணீர் வெளியேற அடியில் ஒரு வழி, இவ்வளவும் இருந்தால் நிற்கும். நுஃமான் வேலை செய்கிற ரியாத்தில் மழை பெய்தால் அது செய்தி. அங்கே ஒரு பங்களாவைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். படத்தில் காற்றின் ஈரம் தெரியாதே.

5

கதை என்றால் குற்றவாளி ஒருவர் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நான் குற்றவாளியாக இருக்க விரும்பவில்லை. அதனால் பூசிய கொத்தனாரைப் பிடித்தேன்.

"விஜிதரன் வாயில் பாக்கைக் குதப்பிக்கொண்டு, கரண்டியை அலட்சியமாக —"

அவரை அப்போது நான் பார்த்ததே இல்லை. பெயர் மட்டும் உம்மு ஹபீபா சொல்லித் தெரியும். மண்டபம் முகாமில் இருப்பவர், கைக்குழந்தையாக இலங்கையிலிருந்து படகில் வந்தவர், இப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். இவ்வளவுதான். மீதி பாக்கு, அலட்சியம் எல்லாம் என் சேர்க்கை. அந்த வரைவில் அவரை "அவன்" என்று எழுதியிருந்தேன். உச்சிப்புளிக்குப் போய்வந்த பிறகு எல்லா இடத்திலும் மாற்றினேன். எங்காவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உச்சிப்புளியில் ஒரு கல்யாண மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. ஜனவரி மாதம், முற்பகல். நானும் உம்மு ஹபீபாவும் பஸ்ஸிலிருந்து இறங்கிப் போனபோது விஜிதரன் சாரத்தின் மேல் நின்று பூசிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டு இறங்கி வந்தார். சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பூச்சு விழுந்துட்டோ அக்கா?"

நாங்கள் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

உம்மு ஹபீபா வழியெல்லாம் தயார்செய்து வந்திருந்த கேள்வியைச் சத்தமாகக் கேட்டாள். சரியாக அப்போது பக்கத்திலிருக்கும் கடற்படைத் தளத்திலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போனது. வாய் அசைவதுதான் தெரிந்தது. சத்தம் அடங்கும் வரை மூவரும் நின்றோம். அவள் மறுபடி கேட்டபோது அந்தக் கோபத்தில் பாதி காணாமல் போயிருந்தது.

"தெரிஞ்சா செஞ்சீங்க தம்பி?"

"ஓம் அக்கா." அவர் தரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துத்தான் சொன்னார். "உங்கட வளவுக்க இருந்த போர்வெல் தண்ணியிலதான் குழைச்சது. சுவருக்கு ஊத்தினதும் அந்தத் தண்ணிதான். முதல் நாளே நாக்கில வச்சுப் பார்த்தனான். உப்புக் கரிச்சது."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"முந்தி ஒரு இடத்தில சொன்னனான். 'கேம்ப்ல இருந்து வந்து எனக்குப் பாடம் எடுக்கிறியா' எண்டு காண்ட்ராக்டர் கேட்டவர். அடுத்த நாள் வேலையில்லை. ஒருத்தர் வேண்டாமெண்டா மற்றவங்களும் கூப்பிட மாட்டாங்கள். அதுக்குப் பிறகு நான் வாய் திறக்கிறேல்ல." கையில் ஒட்டிய சிமெண்டைத் தேய்த்தார். "ஆனா உங்கட வீட்டில ஒண்டு மட்டும் சொன்னனான் அக்கா. உங்களுக்கு ஞாபகம் இருக்கோ தெரியேல்ல."

உம்மு ஹபீபா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, யாரோ மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்:

"இருக்கு. செங்கச் சுவரு காயட்டும், ரெண்டு மாசம் விட்டுப் பூசலாம்னு சொன்னாக. நாந்தான் அவசரப்படுத்துனேன். எம்மவ வாப்பா லீவுல வாரதுக்குள்ள வீடு முடியணும்னு. ஈரத்து மேலயே பூசச் சொன்னது நாந்தான்."

ஆக, மூன்று பேர் நின்றுகொண்டிருந்தோம். உப்பைச் சுவைத்துவிட்டுப் பேசாமல் இருந்தவர். காயட்டும் என்று சொல்லியும் கேளாதவள். ஒன்றும் தெரியாமல் மறந்துவிடுங்கள் என்று எழுதியவள். காண்ட்ராக்டரையும் சேர்த்தால் நாலு. அவர் பேரைச் சொல்ல மாட்டேன். அவர் பக்கக் கதையை நான் கேட்கவில்லை.

"இப்ப என்ன செய்யலாம்?" என்று நான் கேட்டேன்.

"ஒட்டுப் போட்டால் சரிவராது. முழுக்க உரிக்க வேணும்" என்றார் விஜிதரன். "ஞாயிற்றுக்கிழமையில நான் வாறன்."

6

உரிப்பதற்கு முன்னால் நுஃமானிடம் சொல்ல வேண்டும். இத்தனை மாதமாக உம்மு ஹபீபா சொல்லவில்லை. வீடியோவில் பேசும்போது போனைப் பூச்சு விழாத பக்கமாகத் திருப்பிப் பிடித்திருக்கிறாள். அவருடைய போனைத் திறந்தால் முதலில் தெரிவது இந்த வீட்டின் முகப்புப் படம்தான். அறையில் கூடத் தங்கியிருக்கும் ஏழு பேருக்கும் அந்த வளைவும் கோடும் மனப்பாடம்.

அவள் சொன்னாள். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நீங்கள் நினைப்பதைத்தான் அவரும் சொன்னார்.

"எதுக்கு உடைக்கணும்? பட்டி வச்சு பெயிண்ட் அடிச்சா முடிஞ்சு போச்சு."

"ரெண்டு தடவ அடிச்சாச்சு மச்சான். உள்ள ஈரம் அப்படியே இருக்கு."

"ஊரே பாக்க வீட்ட உரிச்சுப் போடணும்ங்குற. பதினோரு வருசம் வெயில்ல கெடந்து கட்டுன வீடு. நான் வந்து பாத்துக்குறேன். அதுவரைக்கும் ஒருத்தனும் கை வைக்கக் கூடாது."

போனை வைத்துவிட்டார். விஜிதரனிடம் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. கதை இந்த இடத்தில் இரண்டு வாரம் நின்றுவிட்டது. எனக்கும் எழுத எதுவும் இல்லை. சும்மா இருக்க முடியாமல் நானே இரண்டு முடிவுகள் செய்து பார்த்தேன். ஒன்றில் அவள் கணவனை மீறி உடைக்கிறாள். இன்னொன்றில் அடுத்த மழையில் —

இரண்டாவதை எழுதவில்லை. எனக்கு சஃபாவைத் தெரியும்.

நடந்தது இரண்டும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை பகலில் நுஃமான் வீடியோவில் கூப்பிட்டபோது உம்மு ஹபீபா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போனை எடுத்தது சஃபா. பாயில் படுத்தபடியே எடுத்திருக்கிறாள். அன்று அவளுக்கு இழுப்பு, பள்ளிக்குப் போகவில்லை. பிறகு நடந்ததை அவளே எனக்கு இரண்டு குரலிலும் பேசிக் காட்டினாள்.

"எங்கனம்மா படுத்திருக்க? பின்னாடி என்ன செவப்பா?"

"சிலிண்டர், வாப்பா."

"அடுப்படிலயா? ஏன்?"

"எம்ரூம்ல மூச்சு விட முடியாது. இங்கனதான் நல்லா இருக்கு."

"எத்தன நாளா?"

"அரைப்பரிச்சைக்கு முந்தி இருந்தே."

அப்புறம் வாப்பாவின் முகம் திரையிலிருந்து போய்விட்டதாம். போன் கட்டாகிவிட்டதோ என்று இவள் இரண்டு தரம் ஹலோ சொல்லியிருக்கிறாள். கட்டாகவில்லை, அவர் போனைக் கீழே வைத்திருக்கிறார். கூரையும் சுற்றும் மின்விசிறியும் தெரிந்தது. பிறகு குரல் மட்டும் வந்தது.

"உம்மாவ கூப்புடும்மா."

உம்மு ஹபீபா ஈரக்கையோடு ஓடி வந்தாள். அவர் சொன்னது ஒரே வார்த்தை.

"உடைச்சிரு."

7

பிப்ரவரியின் முதல் ஞாயிறு. சஃபாவை உடைக்கிற தூசி படாமல் உச்சிப்புளியில் அவள் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். விஜிதரன் சாரம் கட்டினார். உடனே உளியை எடுக்கவில்லை. சுத்தியலின் பின்பக்கத்தால் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக்கொண்டே போனார்.

"கேளுங்கோ" என்றார். ஓர் இடத்தில் 'டக்' என்றது. பக்கத்தில் ஒரு சாண் தள்ளி, 'டொப்'.

"டக் எண்டால் பூச்சு சுவரோட இருக்கு. டொப் எண்டால் விட்டுட்டுது, நடுவில வெறும் காத்து. எப்பவும் விழும்."

முகப்பு முழுக்கத் தட்டினார். நான் கரித்துண்டால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். சந்தன நிறத்தின் மேல் கறுப்பு வட்டங்கள் பெருகி, கடைசியில் வட்டம் இல்லாத இடம்தான் குறைவு என்று ஆனது.

முதல் அடியை உம்மு ஹபீபாதான் அடித்தாள். பர்தாவின் கையை மடித்துவிட்டு, சுத்தியலை இரண்டு கையாலும் பிடித்து, வாசலின் வலப்பக்கத் தூணில். அவள் ஓங்கிய வேகத்துக்குத் தேவையே இருக்கவில்லை. மெல்லத் தட்டியிருந்தாலே வந்திருக்கும். ஒரு பாளம் மொத்தமாகக் கழன்று காலடியில் உடைந்தது. தூணும் செங்கலும் சேரும் இடத்தில் விரிசல் விழாமல் இருக்கப் பதித்த கோழிவலைக் கம்பி, சிவப்புப் பொடியாகக் கையோடு வந்தது. உள்ளே செங்கல் கறுத்து, நேற்று மழை பெய்தது போல் ஈரமாக இருந்தது. மழை நின்று ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

அவள் ஈரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "இவ்வளவு தண்ணியவா மூடி வச்சிருந்தோம்" என்றாள்.

[இங்கே அவள் அழுததாக எழுதலாம். அழவில்லை. மறுபடி சுத்தியலை எடுத்தாள். எனக்கும் ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்து இடிபாட்டை அள்ளச் சொன்னாள். கதாசிரியர்கள் சும்மா நிற்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.]

மூன்று ஞாயிறு ஆயிற்று. விஜிதரன் சாயங்காலம் ஆனதும் முகாமுக்குத் திரும்பக் கிளம்பிவிடுவார். தெரு முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது. "நல்லா இருந்த வீட்ட" என்று சிலர் சொன்னார்கள். எதிர்வீட்டு சூஃபியா மட்டும் இரண்டு ஞாயிறு தன் வாசலில் நின்று தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்கும் இதே பூச்சு, நீல நிறத்தில். மூன்றாம் ஞாயிறு கையில் ஒரு குழம்புக் கரண்டியோடு வெளியே வந்து தன் சுவரைத் தட்டினாள்.

டக். டக். டொப்.

"ஏய் ஹபீபா!" என்று அங்கிருந்தே கத்தினாள். "இது டொப்புங்குதுடீ!"

அந்த வாரத்திலிருந்து அந்தத் தெருவில் யார் வீட்டிலாவது கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டொப் என்று கேட்டவர்கள் குழந்தைகளையும் வண்டிகளையும் அந்தப் பக்கத்திலிருந்து தள்ளி வைத்தார்கள். சிலர் சிரித்துக்கொண்டே தட்டினார்கள். சத்தம் கேட்டதும் சிரிப்பு நின்றுபோவதை நான் பார்த்தேன்.

8

நம்பிக்கையான கதை எழுதுகிறவர்களுக்கு ஓர் ஆசை வரும்: உண்மை பேசியவருக்கு உடனே பரிசு கொடுத்துவிட வேண்டும் என்று. எனக்கும் வந்தது.

மார்ச்சில் உச்சிப்புளி கல்யாண மண்டபத்தில், டேங்கர் வராத ஒரு நாள், போர்வெல் தண்ணீரிலேயே குழைக்கச் சொல்லியிருக்கிறார்கள். விஜிதரன் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "இது உப்பு. இதில நான் பூச மாட்டன்" என்றார். இந்த இடத்தில் முதலாளி மனம் மாறி அவர் தோளில் தட்டியதாக ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அது நடக்கவில்லை. அவரைச் சாரத்திலிருந்து இறங்கச் சொன்னார்கள். பதினெட்டு நாள் வேலை இல்லை.

"வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன்.

"வீட்டுக்காரிக்குக் கோவம்" என்றார். "எனக்கு... என்னண்டு சொல்லுறது. அண்டைக்கு இரவு நல்லா நித்திரை கொண்டனான்."

பத்தொன்பதாம் நாள் சூஃபியா கூப்பிட்டாள். நீலச் சுவரை உரிக்க.

9

சித்திரையிலும் வைகாசியிலும் வெயில் கொளுத்தியது. வெறும் செங்கலாக நின்ற முகப்பு அவ்வளவையும் வாங்கிக்கொண்டது. வாரத்துக்கு ஒருமுறை விஜிதரன் வந்து, வெளியே துருத்தும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கீழே விரித்த சாக்கில் சேகரித்துத் தூர எறிந்தார். மேலே மழைத்தண்ணீர் சுவரில் இறங்காமல் இருக்க ஒரு முழ அகலத்துக்குத் தகரம் இறக்கினார். உள்சுவர் காய்ந்து, பூஞ்சையையும் தேய்த்து எடுத்தாயிற்று. சஃபா தன் அறைக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. இழுப்பு முற்றிலும் போய்விட்டது என்று எழுத மாட்டேன். மே மாதத்தில் ஒரே ஒரு தரம் வந்தது.

அடுத்து என்ன பூசுவது என்று பேச்சு எழுந்தபோதெல்லாம் விஜிதரன் ஒரே பதிலைச் சொன்னார். சுவர் சொல்லட்டும். மூச்சு விடுகிற மாதிரி மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு போடலாம். செங்கலாகவே விட்டுவிட்டாலும் பிழையில்லை. எதுவானாலும் உள்ளே ஈரம் இருக்கக் கூடாது. அதைச் சோதிக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. கண்ணாடி மாதிரியான ஒரு பிளாஸ்டிக் தாளைச் சதுரமாக வெட்டி, நாலு ஓரமும் காற்றுப் போகாமல் டேப்பால் சுவரில் ஒட்டிவிட வேண்டும். ஒரு நாள் கழித்துப் பிரித்தால், தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. ஏப்ரலில் வியர்த்தது. மே நடுவிலும் வியர்த்தது, முன்னளவு இல்லை.

ஜூன் இரண்டாம் வாரம் நுஃமான் லீவில் வந்தார். அன்று காலை நானும் போயிருந்தேன். முந்தைய நாள் ஒட்டிய தாள் வாசலின் பக்கத்தில், இடுப்பு உயரத்தில் இருந்தது. வெயில் பட்டுக் கண் கூசியது, உள்பக்கம் தெரியவில்லை.

நுஃமான் காரிலிருந்து இறங்கினார். பெட்டிகளை இறக்கவில்லை. தெருவின் நடுவில் நின்று வீட்டைப் பார்த்தார். பதினோரு வருஷம் உழைத்துக் கட்டிய வீடு, போனில் எப்போதும் வைத்திருந்த படத்தில் இருந்த எதுவும் இல்லாமல், சிவப்புச் செங்கலும் சாம்பல் தூணுமாக நின்றது. எதிர்ப்பக்கம் சூஃபியாவின் வீடும் அப்படியே நின்றது. உம்மு ஹபீபா வாசலில் இருந்தாள். என்ன சொல்வாரோ என்ற பயம் அவள் கைகள் முந்தானையைப் பிடித்திருந்த விதத்தில் தெரிந்தது. சஃபா ஓடி வந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவர் குனிந்து, அவள் முதுகில் காதை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

பிறகு நிமிர்ந்து விஜிதரனைப் பார்த்தார். இருவரும் நேரில் சந்திப்பது அதுதான் முதல் தடவை.

"நீங்கதான் கொத்தனாரா?"

"ஓம். நான்தான் முதல்ல பிழையாப் பூசினதும்."

நுஃமான் சுவரிடம் போய் அந்தத் தாளைப் பார்த்தார். உம்மு ஹபீபா அது என்னவென்று சொன்னாள். கேட்டுவிட்டு, விஜிதரன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஒருவேளை வேத்திருந்துச்சுன்னா இன்னும் எத்தன நாளு காயணும்?"

"ஒரு மாசம் பார்க்கலாம். மழைக்கு முந்தி நேரம் இருக்கு."

"எனக்கு ரெண்டு மாசம் லீவு இருக்கு" என்றார் நுஃமான். "அவசரம் ஒண்ணும் இல்ல. காயட்டும்."

உம்மு ஹபீபா முந்தானையை விட்டாள்.

விஜிதரன் சஃபாவைக் கூப்பிட்டு, டேப்பின் மேல் மூலையைக் காட்டினார். அவள் நகத்தை அதன் அடியில் கொடுத்தாள். சூஃபியா கரண்டியோடு தெருவைக் கடந்து வந்தாள். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்திருந்தாள் போல, தீய்ந்த வாசனை அடித்தது. யாரும் போகச் சொல்லவில்லை.

தாளின் உள்பக்கம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் பக்கத்தில்தான் நின்றேன். அதைச் சொல்லாமல் நிறுத்துவது உங்களைச் சோதிக்க அல்ல. நான் எழுத வந்தது காயட்டும் என்று ஒருவர் சொல்வதைத்தான், அதை எழுதிவிட்டேன். இனி உள்ளது ஒரு மூலை டேப். நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறது, ஒரே இழுப்பில் வராது. மெதுவாக, மேலிருந்து கீழாக. சஃபா உங்களுக்குக் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்து நிற்கிறாள்.